நாலாவது கட்டத்தில் பாக்கியலட்சுமி

மத்தளம் விளம்பர நிறுவனத்தில் எந்த வேலையைத் தொடங்கினாலும் முதலில் ஏறுகிற பெயர் பாக்கியலட்சுமி. முதலில் இறங்குகிற பெயரும் அதுதான். இதற்குப் பின்னால் பெரிய கதை ஒன்றும் கிடையாது. ஆங்கிலத்தில் எழுதினால் அந்த அலுவலகத்திலேயே நீளமான பெயர் அவளுடையது. பாக்கியலட்சுமி சுந்தரமூர்த்தி என்று அடித்துப் பார்த்து அது கட்டத்துக்குள் அடங்கிவிட்டால், அப்புறம் யார் பெயரும் அடங்கிவிடும் என்பது அங்கே வந்துபோன டிசைனர்கள் எல்லோரும் கடைப்பிடித்த சாஸ்திரம். அதனால் புது விசிட்டிங் கார்டு மாதிரியில் அவள் பெயர் இருக்கும். விழா அழைப்பிதழ் மாதிரியில் அவள் சிறப்பு விருந்தினராக இருப்பாள். மாதிரிக் கேடயங்களில் அவள் ஆண்டின் சிறந்த நகைக்கடை முதலாளியாக இருந்திருக்கிறாள், இளம் விஞ்ஞானியாக இருந்திருக்கிறாள், ஒரு தடவை பல் மருத்துவராகவும் இருந்தாள். வேலை முடிந்து ஃபைனல் பிரதி வரும்போது அந்த இடத்தில் உண்மையான ஆள் வந்துவிடுவார். இவள் அடுத்த வேலைக்குப் போய்விடுவாள்.

இதில் அவளுக்கு வருத்தம் உண்டா என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் பதில் சொல்ல அவள் நின்றிருக்க மாட்டாள். விளம்பரத் தொழிலில் டிராஃபிக் என்று ஒரு வேலை இருக்கிறது. சாலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வாடிக்கையாளர் கேட்டதை எழுதுகிறவரிடம் சேர்த்து, எழுதியதை வரைகிறவரிடம் சேர்த்து, வரைந்ததை அச்சகத்தில் சேர்த்து, நடுவில் தூங்குகிறவர்களை எல்லாம் உலுக்கி எழுப்புகிற வேலை. பிரபாகர் டன்லப் ஸ்ட்ரீட்டில் கீழே கடை, மேலே வீடு என்றிருந்த ஒரு கடைவீட்டு மாடியில் இரண்டு மேசை போட்டு மத்தளத்தை ஆரம்பித்தபோது இரண்டாவது மேசை அவளுடையது. இப்போது கடைவீடு முழுக்க மத்தளம்தான். மேசைகள் நிறைய வந்துவிட்டன. அவளுடைய மேசை மட்டும் அநேகமாகக் காலியாகவே கிடக்கும். நின்றுகொண்டு சாப்பிடுவாள், படியேறிக்கொண்டு ஃபோன் பேசுவாள்.

"அக்கா, ஒரு நிமிஷம் உக்காருங்களேன், பாக்குற எனக்கே கால் வலிக்குது" என்பான் டிசைனர் ஃபஹத்.

"நான் உக்காந்தா நீ படுத்துருவே" என்பாள் அவள், அடுத்த படியில் இருந்து.

எந்த விளம்பரமும் வெளியே போவதற்கு முன்னால் கடைசியாக அவள் கண்ணில் பட்டு, அவள் ஓகே சொல்ல வேண்டும். ஃபோன் நம்பர் சரியா, படம் யாருடையது, மலாய் வரியும் சீன வரியும் தமிழ் வரியும் அந்தந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் பொறுப்பு. பிரபாகரே எழுதினாலும் அவள் ஓகே இல்லாமல் நகராது. அந்த அளவுக்கு அவளுக்கு அங்கே அதிகாரம் இருந்தது. பெயர்தான் இல்லை.

இந்த வருஷம் ஒரு பெரிய வெளிநாட்டுக் கம்பெனி மத்தளத்தில் பாதிப் பங்கை வாங்கியது. வாங்கினவர்கள் கேட்ட முதல் கேள்வி, உங்கள் தலைமைக் குழுவில் யார் யார் என்பது. பிரபாகருக்கு வியர்த்துவிட்டது. அதுவரை மத்தளத்தில் தலைமை என்றால் பிரபாகர், குழு என்றால் மற்றவர்கள். அவசர அவசரமாக நாலு பதவி உண்டாயிற்று. நிர்வாக இயக்குநர் அவரே. சென்னையிலிருந்து வந்து ஐந்தாறு வருஷமாக வேலை பார்க்கும் ஸ்ரீநாத் படைப்புப் பிரிவுக்குத் தலைவர். வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ரக்ஷனா அந்தப் பிரிவுக்குத் தலைவர். நாலாவதாகச் செயல்பாட்டுத் தலைவர் என்று ஒரு பதவி. எந்த வேலை எப்போது யார் கையில் இருக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்பவர். இத்தனை காலமும் அதைச் செய்தது யார் என்ற பேச்சே எழவில்லை. வேறொரு ஏஜென்சியில் பெரிய பதவியில் இருக்கும் ஒருவரிடம் பிரபாகர் பேசிக்கொண்டிருந்தார்.

பாக்கியலட்சுமிக்கு அந்த நாலாவது இடம் வேண்டும். இதை அவள் கணவனிடம்கூடச் சொல்லவில்லை. வாய்விட்டுக் கேட்பது அவளுக்கு வராது. கண் இருக்கிறவர்கள் பார்த்துக்கொள்ள மாட்டார்களா என்று ஒரு எண்ணம். அது பெருந்தன்மை இல்லை, சுத்தமான வீம்பு. வீம்பு பிடித்தவர்களுக்கு வழக்கமாகக் கிடைப்பதுதான் அவளுக்கும் கிடைத்துக்கொண்டிருந்தது.

இணையப் பக்கத்துக்காகத் தலைமைக் குழுவைப் படம் எடுத்த நாளில் புகைப்படக்காரர் வெளிச்சம் சரிபார்க்க யாராவது வந்து நில்லுங்கள் என்றார். கைக்கு அகப்பட்டவள் பாக்கியலட்சுமி. அவள் போய் நின்றாள். நின்ற இடத்திலேயே ஃபோனில் லாரிக்காரனைத் திட்டிக்கொண்டும் இருந்தாள். பின்னால் மற்ற மூன்று பேரும் தலைசீவி, கையைக் கட்டி, தாடையைத் தூக்கி எடுத்துக்கொண்ட படங்களோடு வைத்துப் பார்த்தால் அவள் படம்தான் உயிரோடு இருந்தது. ஃபஹத் இணையப் பக்கத்தை வடிவமைக்கும்போது நாலாவது கட்டம் காலியாக இருக்கிறதே என்று அந்தப் படத்தைப் போட்டான். கீழே வழக்கம்போல நீளமான பெயரை அடித்தான். அதற்குக் கீழே செயல்பாட்டுத் தலைவர் என்ற பதவி. எல்லாம் கச்சிதமாக அடங்கியது. பக்கம் வெளியே போகும்போது நாலாவது கட்டம் சாம்பல் நிறத்தில் காலியாக, 'விரைவில்' என்ற ஒரு சொல்லோடு போக வேண்டும் என்று ஏற்பாடு.

போகவில்லை.

பக்கம் வெளியே போன மறுநாள் காலையில் பாக்கியலட்சுமி பாசிர் ரிஸ்ஸில் ரயில் ஏறினாள். அது புறப்படுகிற நிலையம், இருக்கைகள் தாராளமாக இருந்தன. அவள் வழக்கம்போல் கதவோரம் நின்றாள். அன்று மாலை அலுவலகத்திலேயே விருந்து. புதுப் பங்குதாரர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும் தலைமைக் குழுவை அறிமுகம் செய்யும் விழா. வாழையிலை, பூ, ஸ்பீக்கர், நாற்காலி என்று அவள் மனசுக்குள் ஓட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் துடித்தது. நாத்தனார் சங்கீதாவிடமிருந்து குரல் செய்தி.

"அண்ணி! ஒரு வார்த்த சொல்லல பாத்தீங்களா! சீஃப் ஆபரேட்டிங் ஆஃபிசராமே! எல்லா குரூப்லயும் ஃபார்வர்ட் பண்ணிட்டேன். ஈவ்னிங் ஃபங்ஷன்னு போட்டிருக்கு, நாங்க வரோம் லா. நீங்க கூப்பிடலைன்னாலும் வருவோம்."

சங்கீதா செங்காங்கில் இருக்கிறாள், வங்கி வேலை. குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், "அண்ணிக்கு ஆபீஸ்ல என்ன வேலைன்னு எனக்கு இன்னும் புரியல" என்று பத்துப் பேர் நடுவில் சிரித்துக்கொண்டே கேட்பவள். அவள் குரலில் முதல் தடவையாக மரியாதை கேட்டது. பாக்கியலட்சுமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. மத்தளத்தின் பக்கத்தைத் திறந்தாள். பிரபாகர், ஸ்ரீநாத், ரக்ஷனா, அப்புறம் அவள். லாரிக்காரனைத் திட்டும் அவள்.

டம்மி அப்படியே வெளியே போய்விட்டது என்று புரிந்தது. அடுத்த நொடியே, மறைப்பானேன், சந்தோஷமாகவும் இருந்தது. முகத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நன்றாகத்தான் இருந்தது. பக்கத்தில் நின்ற சீனப் பெண் எட்டிப் பார்க்கவும் சட்டென்று ஃபோனைப் பைக்குள் போட்டாள். ஒரு நிலையம் போவதற்குள் மறுபடி எடுத்தாள்.

கணவன் மருதப்பன் கூப்பிட்டான். அவன் பஸ் ஓட்டுநர், இரண்டு ஓட்டத்துக்கு நடுவில் இடைவேளை.

"பாக்கியம், என்னமோ சொல்றாங்களே, நெஜமா?"

"மிஸ்டேக்குங்க. டம்மியா போட்டது வெளிய போயிருச்சு."

"உன் போட்டோ, உன் பேரு, அப்புறம் என்ன மிஸ்டேக்கு? டெப்போவுல எல்லாருக்கும் காட்டிட்டேன்."

அவள் மேலும் விளக்குவதற்குள் அவனுக்கு நேரமாகிவிட்டது. டெப்போ முழுக்கக் காட்டியாகிவிட்டது என்றால் தீவு முழுக்க பஸ் போகிற இடமெல்லாம் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

அலுவலகத்தில் ஃபஹத் வெளுத்துப்போய் வாசலிலேயே நின்றான். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன், வேலை போய்விடுமோ என்று பயந்திருந்தான். "அக்கா, சாரி. நாலாவது கட்டத்தை மாத்தாம விட்டுட்டேன். நீங்க ஓகே சொன்னதும் அப்படியே ஏத்திட்டேன். இப்பவே எடுத்துடவா?"

நீங்க ஓகே சொன்னதும். அங்கேதான் அவளுக்கு உறைத்தது. முந்தின நாள் சாயங்காலம் அந்தப் பக்கத்தைச் சரிபார்த்தது அவள்தான். முகவரி பார்த்தாள், ஃபோன் நம்பர் பார்த்தாள், ஸ்ரீநாத்தின் பதவியில் இருந்த ஒரு பிழையைக்கூடத் திருத்தினாள். தன் பெயரைப் பார்த்தாளா? பார்த்திருப்பாள். பார்த்தும் பதியவில்லை. இத்தனை வருஷமாகத் தன் பெயரை ஒரு லேஅவுட்டில் கண்டால் அந்த இடம் இன்னும் முடியவில்லை, யாரோ பின்னால் வந்து நிரப்புவார்கள் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் கண் அதைத் தாண்டிப் போயிருக்கிறது. மத்தளத்தில் வேறு யாராக இருந்தாலும் அந்தப் பெயரில் கண் நின்றிருக்கும். உரியவளுக்கு மட்டும் அது கண்ணில் விழவில்லை.

"எடுத்துடவா, அக்கா?" என்று ஃபஹத் மறுபடியும் கேட்டான்.

"பாஸ் வரட்டும்" என்றாள் பாக்கியலட்சுமி. "புதுப் பார்ட்னருங்க எல்லாரும் பாக்குற பேஜ். அவர் சொல்லாம கை வைக்கக் கூடாது."

இது பாதி உண்மை. பிரபாகர் பங்குதாரர்களோடு நகரத்தில் கூட்டத்தில் இருந்தார், ஃபோன் அணைந்திருந்தது. ஆனால் மற்ற நாளாக இருந்தால் இவள் யாரையும் கேட்காமல் தூக்கியிருப்பாள். மதியம் வரைக்கும் இருந்துவிட்டுப் போகட்டுமே என்று உள்ளே ஒரு குரல். அந்தக் குரலை அவள் தடுக்கவில்லை.

ஸ்ரீநாத் காபிக் கோப்பையோடு வந்தான். "அக்கா, உங்க கண்ணுக்குத் தப்பி ஒரு கொசுகூட வெளிய போவாதுன்னு நான்தான் க்ளையன்ட்கிட்ட எல்லாம் பெருமையடிச்சிட்டிருந்தேன். இவ்ளோ பெரிய போட்டோ எப்படிக்கா தப்பிச்சுது?" என்று சிரித்தான்.

சிரிப்புதான். அதற்குள்ளே கேள்வி இருந்தது. ரக்ஷனா கணினியில் இருந்து தலையைத் தூக்காமல் இருந்ததிலும் அதே கேள்வி இருந்தது. பாக்கியலட்சுமிக்குக் காது சூடானது. வேண்டுமென்றே விட்டாயா என்று அவர்கள் நேராகக் கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். கேட்காமல் சிரித்தால் என்ன செய்வது? அதைவிட மோசம், அவளே தன்னைக் கேட்டுப் பார்த்தபோது பதில் உடனே வரவில்லை. இல்லை என்று சொல்லிக்கொண்டாள். மறுபடி ஒரு தடவை சொல்லிக்கொண்டாள்.

அலுவலகத்தில் இருக்கப் பிடிக்காமல் வேலையைச் சாக்கிட்டு வெளியே இறங்கினாள். தெருவுக்கும் செய்தி வந்துவிட்டிருந்தது. பஃபலோ ரோட்டில் பூக்கடைக்காரம்மா, "மேடம் ஆயிட்டீங்களாமே" என்று மல்லிகைச் சரம் ஒன்றைக் கூடுதலாக நறுக்கிக் கொடுத்தாள். "இல்லக்கா, அது தப்பா வந்துடுச்சு" என்றாள் இவள். "ஆமா, கண்ணு பட்டுரும், அப்படித்தான் சொல்லணும்" என்றாள் பூக்கடைக்காரம்மா. வாழையிலை வாங்கிய இடத்தில் இதே கதை. ஸ்பீக்கர் வாடகைக்கு விடுகிறவர் கைகுலுக்கினார். அச்சகத்துச் சீனக் கிழவர் ஃபோன் செய்து, இனிமேல் உன்னைப் பார்த்துக் கத்தக் கூடாது, பெரிய ஆளாகிவிட்டாய் என்று ஆங்கிலமும் மலாயும் கலந்து கத்தினார். ஒவ்வொருவரிடமும் இல்லை இல்லை என்று சொல்லிச் சொல்லி அவளுக்கு அலுத்துவிட்டது. சிராங்கூன் ரோட்டைக் கடக்கிற இடத்தில் ஐந்தாவதோ ஆறாவதோ ஆளுக்கு, "தேங்க்ஸ்" என்று மட்டும் சொன்னாள். சொன்ன பிறகு திருடியது மாதிரி இருந்தது. வேகமாக நடந்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. நடக்க நடக்க, ஏன் இவ்வளவு பேர் ஆச்சரியப்படவே இல்லை என்ற எண்ணம் கூடவே வந்தது. பூக்கடைக்காரம்மா முதல் அச்சகக் கிழவர் வரை எல்லோரும், இது எப்போதோ நடந்திருக்க வேண்டியது என்பது போலத்தான் பேசினார்கள். ஆச்சரியப்பட்டவர்கள் மத்தளத்தில் மட்டும்தான் இருந்தார்கள்.

பிரபாகர் சாப்பாட்டு நேரம் கழிந்து வந்தார். அவர் அறைக்கு அவள் ஓட்டமும் நடையுமாகப் போனாள். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். ஃபஹத்தைக் காப்பாற்ற என்ன பேசுவது, ஸ்ரீநாத் ஏதாவது சொல்லியிருந்தால் என்ன பேசுவது என்று எல்லாம் தயாராக வைத்திருந்தாள்.

"பாஸ், வெப்சைட்ல..."

"பாத்தேன், பாத்தேன்" என்று சிரித்தார் பிரபாகர்.

"நான்தான் செக் பண்ணேன். என் தப்பு. ஃபஹத்த ஒண்ணும் சொல்லாதீங்க."

"என்ன தப்பு? நல்லதாப் போச்சு லா. கூட்டத்துல எல்லாரும் பாத்துட்டாங்க. நாலாவதா இருக்குற அம்மா ஸ்ட்ராங்கா தெரியறாங்களேன்னு பார்ட்னர் கம்பெனி லேடி கேட்டாங்க. நான் ஒண்ணும் மறுக்கல. அப்படியே இருக்கட்டும் பாக்கியம்."

"அப்படியேன்னா?"

"அந்த ஏஜென்சி ஆளு இன்னும் கையெழுத்துப் போடல. அங்க நோட்டீஸ் குடுத்து, அது முடிஞ்சு வர ரெண்டு மூணு மாசம் ஆகும் போல. அது வரைக்கும் காலிக் கட்டம் நல்லாருக்காது இல்ல? உன் படம் இருக்கட்டும். சாயந்திரம் எங்களோட வந்து நில்லு. நான் பேரச் சொல்றேன், ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு எறங்கிடு. அவரு வந்ததும் மாத்திக்கலாம். வெறும் வெப் பேஜ்தானே."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவளுக்கு அது தெரியும். ஒரு உதவி செய்வது போல, சிரித்த முகத்தோடுதான் சொன்னார். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். சங்கீதா பட்டுப்புடவையோடு வருவாள். மருதப்பன் டெப்போவில் காட்டியது பொய்யாகாது. பூக்கடைக்காரம்மா முகத்தில் விழிக்கலாம். இரண்டு மூன்று மாசம் கழித்து ஏதாவது காரணம் சொல்லிக்கொள்ளலாம், யார் ஞாபகம் வைத்திருக்கப்போகிறார்கள்? முடியாது என்றால் இன்றைக்கு, இப்போதே, எல்லார் முன்னாலும் அவள் முகம் அந்தப் பக்கத்திலிருந்து காணாமல் போகும்.

அவள் ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவில் இரண்டு தடவை நடந்தாள். பிறகு, இத்தனை வருஷமாக வராத வார்த்தை, வாயில் இருந்து வந்தே விட்டது.

"பாஸ், அந்த வேலை எனக்கு வேணும்."

"எந்த வேலை?"

அவர் உண்மையாகவே புரியாமல்தான் கேட்டார். பாக்கியலட்சுமிக்கு அதுதான் தாங்கவில்லை.

"நாலாவது. நீங்க வெளியில ஆள் தேடுறீங்களே, அது."

பிரபாகர் கண்ணாடியைக் கழற்றினார். "நீ ஒரு நாளும் கேக்கலையே, பாக்கியம்."

"நீங்களும் ஒரு நாளும் கேக்கலையே."

பிரபாகர் மேசையில் இருந்த பேனாவை நேராக வைத்தார். "இப்ப என் கையில மட்டும் இல்ல. அவங்க டிகிரி கேப்பாங்க, பெரிய பெரிய கம்பெனில இருந்த அனுபவம் கேப்பாங்க."

"கேக்கட்டும். கேட்டுட்டு வேணாம்னு சொல்லட்டும். அது வேற விஷயம், நான் தாங்கிக்குவேன். ஆனா வேற ஒருத்தர் வர்ற வரைக்கும் எடம் புடிச்சு வைக்க நான் நிக்க மாட்டேன். ஹாக்கர் சென்டர்ல சாப்பிட மேசை புடிக்க டிஷ்யூ பாக்கெட்ட வச்சுட்டுப் போவோமே, நான் அது இல்ல, பாஸ்."

"கோவத்துல பேசாத. இப்ப எடுத்தா சாயந்திரம் வர்றவங்க எல்லாம் கேப்பாங்க. உங்க வீட்லயும் கேப்பாங்க."

"தெரியும்."

"அப்புறம் உன் இஷ்டம்" என்றார் பிரபாகர். குரலில் எரிச்சல் இருந்தது. அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

கீழே வந்து ஃபஹத்தின் தோளுக்குப் பின்னால் நின்றாள். "எடுத்துடு."

"நெஜமாவா அக்கா?"

"எடு."

அவன் படத்தை அழித்தான், பெயரை அழித்தான், சாம்பல் கட்டத்தைப் போட்டான். பக்கத்தை அவள் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். இந்தத் தடவை நாலாவது கட்டத்தில் இருந்துதான் ஆரம்பித்தாள். பார்த்து முடித்து, ஓகே என்றாள்.

"இனிமே அளவு பாக்க என் பேர அடிக்காத."

"வேற என்ன பேரு அடிக்கிறது?"

"பாஸ் பேர அடி."

"அது சின்னப் பேருக்கா. எங்க போட்டாலும் அடங்கிடும்" என்றான் ஃபஹத், பரிதாபமாக. அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணும் கரித்தது. நாற்காலி இன்னும் வந்து சேரவில்லை என்று சத்தம் போட்டபடி வாசலுக்குப் போனாள்.

மாலையில் கீழ்த்தளம் நிரம்பிவிட்டது. வாசலில் வாழை, உள்ளே பிரியாணி வாசனை, சுவரில் பெரிய திரை. பங்குதாரர் கம்பெனியில் இருந்து வந்த பெண்மணி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். பாக்கியலட்சுமி தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து அடுக்கினாள், மைக்கைத் தட்டிப் பார்த்தாள், ஒரு ஸ்பீக்கரை நகர்த்தினாள், மறுபடி பழைய இடத்துக்கே நகர்த்தினாள். வீட்டுக்கு ஃபோன் செய்து வர வேண்டாம் என்று சொல்ல மதியத்தில் இருந்து நினைத்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு தடவையும் ஒரு வேலை வந்தது, அல்லது ஒரு வேலையை அவள் வரவழைத்துக்கொண்டாள்.

விளக்கை மங்கலாக்கும் நேரத்தில் அவர்கள் வந்தார்கள். சங்கீதா மயில்கழுத்து நிறப் பட்டில், கையில் ஒரு பெரிய பூங்கொத்தோடு. மருதப்பன் ஷிப்ட் முடிந்து நேராக வந்திருந்தான், சீருடைக்கு மேல் ஒரு நல்ல சட்டையை மாட்டியிருந்தான். பாக்கியலட்சுமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவர்களிடம் போவதற்குள் பிரபாகர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

திரையில் பிரபாகர் படம் வந்தது, கைதட்டல். ஸ்ரீநாத் வந்தான், மேடையேறி ஒரு ஜோக் சொன்னான். ரக்ஷனா வந்தாள், இரண்டு வரி பேசினாள். சங்கீதா ஃபோனை உயர்த்திப் பிடித்து வீடியோ எடுக்கத் தயாரானாள். நாலாவதாகத் திரையில் சாம்பல் கட்டம் வந்தது. பிரபாகர் ஒரு வினாடி அதைப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார், பிறகு, "நாலாவது பொறுப்பை விரைவில் அறிவிப்போம்" என்று முடித்துக்கொண்டு எல்லோரையும் சாப்பிட அழைத்தார்.

சங்கீதாவின் கை இன்னும் உயர்ந்தே இருந்தது. "அண்ணி, உங்க பேரு வரலையே?"

பாக்கியலட்சுமி அவர்கள் முன்னால் போய் நின்றாள். அந்த நாளிலேயே கடினமான நேரம் அதுதான். இதோடு ஒப்பிட்டால் பிரபாகரிடம் பேசியது ஒன்றுமில்லை. "வராது. காலைல இருந்தது டம்மி, தப்பா வெளிய போயிருச்சு. வேற ஆள் வர்ற வரைக்கும் இருக்கட்டும்னு பாஸ் சொன்னாரு. நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"ஏன் அண்ணி? இருந்துட்டுப் போகட்டுமே! நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டேனே" என்றாள் சங்கீதா. பூங்கொத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் கை மாற்றிக் கை மாற்றிப் பிடித்தாள்.

மருதப்பன் மனைவியின் முகத்தைப் பார்த்தான். "நீ காலைலயே மிஸ்டேக்குன்னுதான் சொன்னே. நான்தான் காதுல வாங்கல."

"அந்த வேலை எனக்கு வேணும்னு கேட்டுட்டேங்க" என்றாள் அவள், தணிந்த குரலில்.

"உனக்கு வேணும்னு எனக்கே தெரியாதே."

"எனக்கும் இன்னைக்குத்தான் சொல்ல வந்துச்சு."

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் சொல்லல."

அவன் தலையாட்டினான். ஆறுதல் சொல்லத் தெரியாத மனிதன். பக்கத்தில் மடக்கி வைத்திருந்த நாற்காலி ஒன்றை இழுத்து விரித்து அவள் பக்கம் தள்ளினான். அவள் உட்காரவில்லை. சாப்பாட்டு வரிசை எங்கோ நின்றுவிட்டது போலத் தெரிந்தது, கரண்டி போதவில்லை, போய்ப் பார்க்க வேண்டும்.

போகத் திரும்பியபோது பிரபாகர் எதிரே வந்தார். மதியத்து எரிச்சல் முகத்தில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. மருதப்பனுக்கும் சங்கீதாவுக்கும் வணக்கம் சொன்னார்.

"பாக்கியம், அந்த லேடி கேட்டாங்க, காலைல இருந்த அம்மா எங்கன்னு. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம்னுதான் பாத்தேன். முடியல. தற்காலிகமா நிக்க மாட்டேன், வேலையே வேணும்னு சொல்லிட்டாங்கன்னு சொல்லிட்டேன்." கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "வியாழக்கிழமை அவங்க அந்த ஆளக் கூப்பிட்டுப் பேசுறாங்க. உன் பேரும் குடுத்திருக்கேன்."

பாக்கியலட்சுமி அவரையே பார்த்தாள். "எடம் ரொப்பவா?"

பிரபாகர் சிரிக்க ஆரம்பித்து, சிரிக்காமல் நிறுத்திக்கொண்டார். "இல்ல. நெஜமாவே. நெறைய கேள்வி கேப்பாங்க, தயார் பண்ணிக்கிட்டு வா. கெடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேணாம் பாஸ்."

அவர் விருந்தினரிடம் போனார். சங்கீதா ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுப் பூங்கொத்தை நீட்டினாள். "வாங்கிக்கிங்க அண்ணி. திருப்பி எடுத்துட்டுப் போனா நல்லாருக்காது." பாக்கியலட்சுமி வாங்கிக்கொண்டாள். கனமாக இருந்தது. ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு கரண்டிக்காகத் தேடினாள்.

"கரண்டி நான் பாத்துட்டேன்க்கா" என்றான் ஃபஹத், அந்தப் பக்கமாகத் தட்டுகளோடு போனபடி. "நீங்க உக்காருங்க."

நான் உட்கார்ந்தால் நீ படுத்துவிடுவாய் என்று சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. மருதப்பன் விரித்து வைத்த நாற்காலி அங்கேயே இருந்தது. மடியில் பூங்கொத்தோடு அதில் உட்கார்ந்தாள். வியாழக்கிழமை என்ன கேட்பார்கள், என்ன சொல்வது, எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போவது என்று மனசு அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. கால் மட்டும் அப்போதுதான் வலிக்கத் தொடங்கியது. கெண்டைக்காலில் இருந்து இடுப்பு வரைக்கும் அப்படி ஒரு வலி. எழுந்திருக்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.